சும்மாதான் கூப்பிட்டேனுங்க

காலையில் முதல் அழைப்பு வந்தபோது மோகனப்பிரியா தோசைக்கல்லுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். அடுப்பைச் சிறிதாக்கிவிட்டு, போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டாள்.

“மடை ஆப்புல இருந்து மோகனப்பிரியா பேசறேனுங்க. சொல்லுங்க.”

“சும்மாதான் கூப்பிட்டேனுங்க அம்மணி.”

அதே அம்மாதான். பேசுவதற்கு முன்னால் ஒரு தடவை தொண்டையைச் செருமிக்கொள்ளும் அம்மா. வாரத்தில் எப்படியும் இரண்டு மூன்று தடவை கூப்பிட்டுவிடுவார்.

“மோட்டார் நல்லா ஓடுதுங்களா?”

“அதெல்லாம் ஜம்முனு ஓடுது. அங்க மழை உண்டுங்களா?”

“மூட்டம் போட்டு நிக்குதுங்க. விழுக மாட்டேங்குது.”

“இங்கயும் அதே கதைதான். ஊட்டுல எல்லாரும் சௌக்கியமா? பெரியவங்கெல்லாம்? முட்டி வலி கிட்டி வலின்னு ஒண்ணும் இல்லையே?”

“எனக்குங்களா?” மோகனப்பிரியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “இல்லீங்க. நல்லா இருக்கறேனுங்க.”

அந்தப் பக்கம் கொஞ்சம் நிதானித்தது. “செரி அம்மணி. வெச்சிரட்டுங்களா?”

“வெச்சிருங்க.”

போனை மேடைமேல் வைத்துவிட்டுத் தோசையைத் திருப்பினாள். ஓரம் கருகிவிட்டது.

“ஆரு?” என்று மாமியார் தெய்வாத்தாள் கேட்டாள். முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு சமையலறை வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

“சும்மா கூப்பிடறவங்க இருக்காங்கல்ல, அவங்கதான் அத்தை.”

“சும்மா கூப்பிடறவங்களுக்குன்னே ஒரு கம்பெனி நடத்தறீங்க. அந்தக் கருகுனதை உங்க மாமனாருக்கு வெச்சிரு. மொறுமொறுன்னு இருக்குதும்பாரு.”

இந்தக் குடும்பத்தை இன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். கிணத்துக்கடவில் பொள்ளாச்சி ரோட்டை விட்டுச் சற்று உள்ளே தள்ளி இருக்கிறது வீடு. வீட்டை ஒட்டித் தென்னந்தோப்பு. மோகனப்பிரியாவின் கணவன் சுரேந்தர் கோயமுத்தூரில் பார்த்துக்கொண்டிருந்த மோட்டார் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, உக்கடத்து நண்பன் இல்யாஸோடு சேர்ந்து ஒரு பெட்டி செய்தான். கிணற்று மோட்டாரின் ஸ்டார்ட்டருக்குப் பக்கத்தில் அதை மாட்டிவிட்டால் போதும். இருந்த இடத்திலிருந்தே போனில் அழுத்தி மோட்டாரைப் போடலாம், நிறுத்தலாம். அந்த ஆப்பின் பெயர்தான் மடை. பெட்டிமேல் ஒட்டிய தாளில் சுரேந்தரின் பெயர் இருக்கும். அதன் கீழே இருக்கும் நம்பர் மோகனப்பிரியாவின் கையில் இருக்கிற போன்.

இன்னொன்றும் உண்டு. சுரேந்தர் கல்யாணத்தின்போது, சொந்தத் தங்கைக்கு என்ன பெரிய சம்பிரதாயம் என்று நினைத்துத் தெய்வாத்தாள் பத்திரிகையை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டாள். பல்லடத்துப் பக்கம் வாழ்க்கைப்பட்ட தங்கை மாசாணியம்மாள், வெற்றிலை பாக்கு எடுத்துக்கொண்டு அக்கா நேரில் வருவாள் என்று காத்திருந்தாள். அக்கா போகவில்லை. தங்கை கல்யாணத்துக்கு வரவில்லை. அன்றோடு பேச்சு நின்றது. போன வாரம் மாமனார் அங்கப்பன் மச்சினியின் பெயரை எடுத்ததும் தெய்வாத்தாள் எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டதையும், மாட்டுக்கு ஏற்கெனவே தண்ணீர் காட்டியிருந்ததையும் நாம் பார்த்தோம்.

தோசை தின்று கை கழுவிய சுரேந்தர் ஹெல்மெட்டை எடுத்தான்.

“இன்னைக்குச் சாயந்திரம் கோவிந்தராஜுலு சார் வாரார். பல்லடத்துத் தென்னை உற்பத்தியாளர் கம்பெனியில அவரு சொன்னாத்தான் எதுவும் நடக்கும். அவருக்குப் பிடிச்சா அவங்க மெம்பர் அத்தனை பேரும் நம்ம பெட்டியை மாட்டுவாங்க. அவரு கேட்டது ஒண்ணே ஒண்ணு. ஜனங்க அடிக்கடி கேக்கற கேள்விக்கெல்லாம் பதில் எழுதி ஒரு பக்கம் போடோணும். பிரவீனா லீவு போட்டுட்டு அதுக்குத்தான் வந்திருக்கறா. நீயும் கூட இருந்து பாரு.”

“செரிங்க.”

“பக்கம் வந்துட்டா அப்புறம் போன் தேவைப்படாது. நம்பரை எடுத்துரலாம். உனக்கும் நிம்மதி. தோசை கருகாது பாரு.”

அவன் அன்பாகத்தான் சொன்னான். அதனால்தான் என்ன சொல்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

மோகனப்பிரியா ஆள் முன்னால் வாய் திறக்கக் கூச்சப்படுகிறவள். சொந்தக்காரர் கூடும் இடங்களில் பாத்திரம் எடுத்து வைக்கிற சாக்கில் உள்ளேயே இருந்துவிடுவாள். இந்த வீட்டுக்கு வந்த புதிதில் சுரேந்தர் போனை அவள் கையில் கொடுத்து, “ரெண்டு நாளைக்குப் பார்த்துக்க” என்றான். முகம் தெரியாத குரல்களோடு பேச அவளுக்குக் கூச்சம் வரவில்லை. ஆனைமலைப் பக்கத்தில் யார் தோப்பில் பூச்சி விழுந்தது, தாராபுரத்தில் யார் மகளுக்கு நிச்சயம் ஆனது எல்லாம் அவளுக்குத் தெரியும். அவர்களுக்கும் இவளைத் தெரியும். ‘மடை அம்மணி’ என்று சிலர் பெயரே வைத்துவிட்டார்கள். அந்தப் போன்தான் நாளையிலிருந்து ஒலிக்காது என்கிறான்.

கேட் வரைக்கும் பின்னாலேயே போனாள்.

“போய்ட்டு வாங்க. அப்புறமுங்க...”

சுரேந்தர் அதற்குள் வண்டியை எடுத்துவிட்டான். ரோட்டில் ஏறிக் கையை மட்டும் காட்டினான்.

*

நாத்தனார் பிரவீனா கோயமுத்தூரில் ஒரு சாப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை விரித்து வைத்து, காலை மடித்து நாற்காலிமேல் ஏறி உட்கார்ந்திருந்தாள்.

“அண்ணி, வாங்க. கம்ப்யூட்டரே வேலையை முடிச்சு வெச்சிருக்குது. நம்ம போனுக்கு வந்த கால் எல்லாம் பதிவாகுதில்ல? ஒவ்வொரு காலோட முதல் அரை நிமிஷத்தை எழுத்தாக்கி, எது அதிகமா வருதுன்னு வரிசைப்படுத்தச் சொல்லியிருந்தேன்.”

“முதல் அரை நிமிஷம் எதுக்கு?”

“கேள்வி கேக்கத்தானே கூப்பிடறாங்க? எடுத்ததும் அதைத்தான் கேப்பாங்க.” பிரவீனா திரையைத் திருப்பினாள். அவள் முகம் மெதுவாக மாறியது. “அண்ணி... நம்ம கஸ்டமர் அதிகமாக் கேட்ட கேள்வி எது தெரியுங்களா?”

“எதுங்க?”

“‘நல்லா இருக்கீங்களா?’ அதுக்கு அடுத்தது ‘மழை உண்டுங்களா?’ மூணாவது ‘சாப்டீங்களா?’”

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். உள்ளிருந்து தெய்வாத்தாள், “என்னங்கடி சிரிப்பு?” என்று வந்து, விஷயத்தைக் கேட்டுவிட்டு, தப்பு எங்கே என்று புரியாமல் நின்றாள்.

“செரியாத்தானே கேட்டிருக்காங்க? எடுத்த எடுப்புல மோட்டார் ஓடலீன்னு சொன்னா, சண்டைக்குக் கூப்பிட்ட மாதிரி இருக்காதா?”

பிரவீனா அந்த மூன்றையும் நீக்கிவிட்டு அடுத்து வந்தவற்றை எடுத்தாள். ‘ஆப்பு நல்லா ஓடுதுங்களா?’, ‘புதுசா ஏதாவது வந்திருக்குதுங்களா?’ அவற்றைப் பதவிசாக்கி எழுதினாள். ‘மடை என்றால் என்ன?’ ‘மடையின் சிறப்புகள் யாவை?’ ‘கடவுச்சொல்லை மாற்றுவது எப்படி?’ ஒவ்வொன்றுக்கும் அழகாக ஒரு பதில். படித்தால் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

தெய்வாத்தாள் மட்டும் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தாள். “மடைன்னா என்னன்னு தெரியாமயா ஒருத்தன் பெட்டியை வாங்கி மாட்டியிருப்பான்?”

“அம்மா, எல்லாக் கம்பெனியிலயும் இப்புடித்தான் போடுவாங்க.”

“போடட்டும். படிக்கறது ஆரு?”

பிரவீனாவுக்கும் அது தோன்றியிருக்க வேண்டும். பேனாவின் பின்பக்கத்தைக் கடித்துக்கொண்டு திரையையே பார்த்தாள்.

மாமனார் அங்கப்பன் அந்த நேரம் பார்த்துத் தம் அறையிலிருந்து வந்தார். போனை முகத்துக்கு எட்டப் பிடித்து ஒரு விரலால் அழுத்தினார். ‘மோட்டார் ஓடுகிறது’ என்று போன் அறிவித்தது. போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, செருப்பை மாட்டி, டிவிஎஸ் வண்டியைக் கிளப்பினார்.

“போன்லயே போட்டாச்சில்ல? அப்புறம் எங்க கெளம்பிட்டீங்க?” என்றாள் தெய்வாத்தாள்.

வண்டி உறுமிக்கொண்டு நின்றது. அங்கப்பன் ஒரு காலைத் தரையில் ஊன்றித் திரும்பினார்.

“மோட்டார் ஓடுதுன்னு போன் சொல்லுது. தண்ணி வருதுன்னு ஆரு சொன்னா?”

“அதை உங்க பையன்கிட்டக் கேக்கறது!”

“அவன் பாவம், ராவும் பகலும் உட்கார்ந்து செஞ்சான். அவன்கிட்டப் போயி நொட்டை சொல்ற மாதிரி ஆயிரும். எதுக்கு? வண்டி இருக்குது. போய் எட்டிப் பார்த்துட்டு வந்தாப் போச்சு.”

வண்டி போய்விட்டது. தூசு அடங்கியது.

மோகனப்பிரியா வாசலிலேயே நின்றிருந்தாள். பெட்டி மாட்டிய நாளிலிருந்து மாமனார் தினமும் போனில் மோட்டாரைப் போட்டுவிட்டு, தினமும் தோப்புக்கும் போய்க்கொண்டிருக்கிறார். காற்றாட நடக்கத்தான் போகிறார் என்று வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். செருப்பை மாட்டி, வண்டியைக் கிளப்பி, போகிற போக்கில்தான் அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்தது.

“பிரவீனா,” என்றாள். “கால்ல எல்லாரும் வெச்சிரட்டுங்களான்னு கேப்பாங்கல்ல?”

“ஆமாங்க.”

“அதுக்கு அப்புறம் வெக்க மாட்டாங்க. செரி வெச்சிரட்டுங்களான்னு கேட்டுட்டு, ‘ஆங், அப்புறம் அம்மணி, ஒண்ணு’ன்னு ஆரம்பிப்பாங்க. அதுக்குத்தான் கூப்பிட்டிருப்பாங்க.”

பிரவீனா அவளை நிமிர்ந்து பார்த்தாள். கடித்துக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தாள்.

“அண்ணி, நான் ஒரு மண்டு! நம்மூட்டுக்கு ஆரு வந்தாலும் அப்புடித்தானே? உள்ள உட்கார்ந்து காப்பி குடிக்கற வரைக்கும் ஊர்க்கதை. வந்த சமாச்சாரம் கேட் கிட்டப் போனாத்தான் வெளிய வரும். இருங்க, இருங்க. ‘வெச்சிரட்டுங்களா’ன்னு எங்க வருதோ, அதுக்குப் பின்னாடி இருக்கறதை மட்டும் எடுக்கச் சொல்றேன்.”

விசைகளை மடமடவென்று தட்டினாள். கம்ப்யூட்டர் யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில் தெய்வாத்தாள் மூவருக்கும் மோர் கொண்டுவந்து வைத்தாள். மோரைக் குடித்து முடிக்கும் முன் திரையில் வந்து விழ ஆரம்பித்தது.

‘அப்புறம் ஒண்ணு. மோட்டார் ஓடுதுன்னு காட்டுது, தண்ணி வருதான்னு எப்புடித் தெரியறது?’

முதலிடத்தில் இருந்தது அதுதான். தெய்வாத்தாள் கணவன் போன திசையைப் பார்த்து, “கேட்டுக்கங்க, ஊர் பூரா இவராட்டவேதான் இருக்காங்க,” என்றாள்.

‘பையன் துபாய்ல இருக்கறான். அங்கிருந்து அவனும் போடறான். நான் கெணத்துக்குள்ள எறங்கியிருக்கறப்ப அவன் போட்டுட்டா?’

‘எங்கூட்டுக்காரருக்குத் தெரியாம நான் போட்டா, அவரு போனுக்குச் சொல்லிருமுங்களா?’

‘பங்காளி போன்ல ஏத்திக் குடுத்துட்டேன். இப்ப எடுக்கோணும். எடுத்தா அவருக்குத் தெரியுமுங்களா? தெரியாம எடுக்க முடியாதுங்களா?’

பிரவீனா ஒவ்வொன்றையும் உரக்கப் படித்தாள். சிலவற்றுக்குச் சிரித்தார்கள். துபாய்ப் பையன் கேள்வியைப் படித்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. பெட்டியின் பக்கவாட்டில் ஒரு சுவிட்ச் இருக்கிறது. அதைக் கீழே தள்ளிவிட்டு இறங்கினால், உலகத்தில் எங்கிருந்து யார் அழுத்தினாலும் மோட்டார் ஓடாது. அது எங்கேயும் எழுதியிருக்கவில்லை. கேட்ட ஒருவருக்கு மோகனப்பிரியா சொல்லியிருக்கிறாள். கேட்காமலே இறங்கியவர்கள் எத்தனை பேரோ.

“இதைத்தான் மொதல்ல போடோணும்,” என்றாள். பிரவீனா மறுபேச்சில்லாமல் தட்டினாள்.

அடுத்தது ஒரு அம்மா கேட்டது. ‘மக ஊட்டுக்குப் போயி வருசமாச்சு. இதை நம்பி ரெண்டு நாள் தங்கிட்டு வரலாமுங்களா?’

அந்த அழைப்பு மோகனப்பிரியாவுக்கு நினைவிருந்தது. தாராளமாகப் போய்ட்டு வாங்க என்று சொல்லிவிட்டு, குழாய் எங்கேயாவது விட்டுப்போயிருந்தால் என்ன செய்வது என்று அன்று முழுக்கக் கவலைப்பட்டாள்.

“அண்ணி, ஒண்ணு கவனிச்சீங்களா?” பிரவீனா திரையை மேலும் கீழும் தள்ளினாள். “சில காலுக்கு வாலே இல்ல. இந்த நம்பரைப் பாருங்க. எத்தனை தடவை வந்திருக்குது! எல்லாத்துலயும் அவங்க ‘வெச்சிரட்டுங்களா’ம்பாங்க. நீங்க உடனே ‘வெச்சிருங்க’ன்னு சொல்லி முடிச்சிருக்கீங்க.”

நம்பரைப் பார்த்ததும் மோகனப்பிரியாவுக்குத் தெரிந்துவிட்டது. சும்மா கூப்பிடுகிற அம்மா.

“அவங்க ஏதோ கேக்க வந்தாங்களோ என்னமோ,” என்றாள் மெதுவாக. “தோசை கருகுதுன்னு நான்தான் முந்திக்கிட்டேன்.”

*

சுரேந்தர் திரும்பி வந்தபோது பக்கம் தயாராக இருந்தது. ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் குனிந்து படித்தான். படிக்கப் படிக்கச் சிரித்தான். ஓரிடத்தில் சிரிப்பை நிறுத்தினான்.

“இது என்ன? ‘தண்ணி வருதான்னு எப்புடித் தெரியறது? மடைக்கு அது தெரியாதுங்க.’ நம்ம ஆப்புக்குத் தெரியாதுன்னு நாமளே எழுதறதா?”

“முழுசாப் படிண்ணா,” என்றாள் பிரவீனா.

அவன் படித்தான். மோட்டார் எவ்வளவு கரண்ட் இழுக்குதுன்னு மட்டும்தான் மடைக்குத் தெரியும். கெணத்துல தண்ணி வத்திப்போனா இழுக்கறது குறையும், அப்ப தானா நிறுத்திரும். ஆனா குழாய் நடுவுல உடைஞ்சு போனா அதுக்குத் தெரியாது. ரெண்டு நாள் வெளியூர் போறதுன்னா, பக்கத்துத் தோப்புக்காரங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லி வெச்சுட்டுப் போங்க.

“இதைப் படிச்சுட்டுக் கோவிந்தராஜுலு வேண்டாம்னு சொல்லிட்டா?”

மோகனப்பிரியா மேஜை விரிப்பின் ஓரத்தை நீவிக்கொண்டே சொன்னாள். “தெரியாதுன்னு அவங்களுக்கு முன்னாலயே தெரியுமுங்க. மாமாவே தினம் போய்ப் பார்த்துட்டுத்தான் வாரார்.”

“எங்கப்பாவா? காத்தாட நடக்கப் போறாருன்னு...”

“டிவிஎஸ்ல ஆருங்க நடக்கப் போவாங்க?”

சுரேந்தர் வெளியே பார்த்தான். அங்கப்பன் மும்முரமாக வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“செரி, இருக்கட்டும்,” என்றான் கடைசியில். ஹெல்மெட்டைக் கழற்றினான்.

பக்கத்தின் அடியில் நம்பர் இல்லை என்பதை மோகனப்பிரியா பார்த்தாள்.

*

கோவிந்தராஜுலு வெயில் தாழ்ந்த பிறகு வந்தார். வெள்ளை வேட்டி, மடிப்புக் கலையாத சட்டை, கையில் ஒரு சீப்புப் பூவன் பழம். உட்கார்ந்ததும் தென்னைக்கு வந்த வாடலைப் பற்றிப் பேசினார். ரோடு அகலப்படுத்துவதைப் பற்றிப் பேசினார். அங்கப்பனோடு கணக்குப் போட்டுப் பார்த்து, அவருடைய சித்தப்பா மருமகனும் அங்கப்பனும் ஒரே பள்ளிக்கூடம் என்று கண்டுபிடித்தார். இளநீர் குடித்தார். முறுக்குக் கடித்தார். மோகனப்பிரியா வழக்கம்போலச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் இருந்தாள்.

பிறகு கண்ணாடி மாட்டிக்கொண்டு பக்கத்தைப் படித்தார்.

“நல்லாருக்குதுங்க,” என்றார்.

சுரேந்தர் காத்திருந்தான்.

“நல்லாத்தான் இருக்குதுங்க. நல்லாப் பண்ணியிருக்கீங்க. கெணத்துல எறங்கற சமாச்சாரம் போட்டிருக்கீங்க பாருங்க, அது அவசியம். மெம்பருங்ககிட்டக் கலந்துட்டு ஒரு வார்த்தை சொல்றேனுங்க. அப்ப நான் வரட்டுங்களா?”

சுரேந்தரின் முகம் விழுந்துவிட்டது. இத்தனை தடவை நல்லாருக்குது என்று சொல்லிக் கலந்துவிட்டுச் சொல்கிறேன் என்றால் என்ன அர்த்தம் என்று இந்த ஊர்ப் பக்கத்தில் வளர்ந்த யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அவன் அவசரமாக எழுந்து, “சார், ரேட்டு வேணும்னா...” என்று ஆரம்பித்தான்.

கதவுக்குப் பின்னாலிருந்து பிரவீனாவின் முதுகில் ஒரு விரல் குத்தியது. “உங்கண்ணனைப் பேசாம இருக்கச் சொல்லு. அவரு இன்னும் செருப்புப் போடல.”

பிரவீனா அண்ணனின் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தாள்.

எல்லோரும் வாசலுக்கு வந்தார்கள்; மோகனப்பிரியா மட்டும் வாசல் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். கோவிந்தராஜுலு செருப்பை மாட்டினார். கேட் வரை நடந்தார். அங்கப்பன் கூடவே போனார். கார்க் கதவைத் திறந்து, ஒரு காலை உள்ளே வைத்தார். பிறகு அந்தக் காலை வெளியே எடுத்தார்.

“ஆங், அப்புறம் தம்பி, ஒண்ணு.”

பிரவீனா அண்ணியின் கையைப் பிடித்து நசுக்கினாள்.

“எல்லாம் எழுதியிருக்கீங்க. எழுதினதுல இல்லாதது ஒண்ணு வந்துச்சுன்னா? எங்கூட்டுல தோப்பைப் பாக்கறது எங்க சம்சாரம்தானுங்க. அவளுக்குப் படிக்கத் தெரியாம இல்ல. ஆனாப் படிச்சாலும், ஆமாம்மா, அப்புடித்தான்னு ஒரு ஆள் சொன்னாத்தான் அவளுக்கு மனசு ஆறும். உங்க பெட்டி மாட்டினவங்க ஒருத்தரைக் கேட்டேன். அங்க ஒரு பொண்ணு பேசுமாம். பக்கத்துல நம்பரைக் காணோமே, அது இனிமே இருக்காதுங்களா? பக்கம் வேணும்னு கேட்டது நான்தான். அதுக்காகப் போனை எடுத்துருவீங்கன்னு நெனைக்கலீங்க.”

சுரேந்தர் பதில் சொல்வதற்குள், கதவுக்குப் பின்னால் இருந்தவள் வாசல்படி தாண்டி, கேட்டுக்கு வந்து நின்றிருந்தாள். எப்படி வந்தோம் என்று பிறகு யோசித்தபோது அவளுக்கே நினைவு இல்லை.

“போன் இருக்குமுங்க,” என்றாள். “நான்தானுங்க பேசறது. இருப்பேனுங்க.”

கோவிந்தராஜுலு அவளைப் பார்த்தார். அந்தக் குரலைப் பற்றி யாரோ சொன்னது ஞாபகம் வந்ததுபோலத் தலையை ஆட்டினார்.

“நீங்கதானா அந்த அம்மணி? அப்பச் செரி. தம்பி, திங்கக்கிழமை வாங்க, கையெழுத்துப் போட்டுக்கலாம். எங்கூட்டுக்கு மொதப் பெட்டி.”

கார் ரோட்டில் ஏறியதும் பிரவீனா “ஹோ” என்று கத்திக்கொண்டு உள்ளே ஓடினாள், நம்பரைப் பக்கத்தில் போட.

“காலையிலயே என்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல, போன் வேணும்னு?” என்றான் சுரேந்தர்.

“சொல்லத்தானுங்க கேட் வரைக்கும் வந்தேன்.”

“அப்புறம் ஏன் சொல்லல?”

“நீங்க வண்டியை எடுத்துட்டீங்க.”

அவன் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தான். “இனிமே வண்டி எடுத்தாலும், ஒரு நிமிஷம் நின்னுட்டுத்தான் போவேன். போதுமா?”

“போதுமுங்க.”

உள்ளே பிரவீனா கடைசிக் கேள்வியை எழுதிவிட்டிருந்தாள். ‘இதுல இல்லாதது ஒண்ணு கேக்கோணுமுங்களே?’ கீழே பதில்: ‘கூப்பிடுங்க. மோகனப்பிரியா எடுப்பாங்க.’ அதற்கடியில் நம்பர்.

நம்பர் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேஜைமேல் போன் அடித்தது. பிரவீனா விளையாட்டாக ஸ்பீக்கரைப் போட்டுவிட்டாள்.

தொண்டையைச் செருமுகிற சத்தம். “சும்மாதான் கூப்பிட்டேனுங்க அம்மணி.”

பிரவீனாவின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றது. ஏதோ சொல்ல வந்து, வாயைக் கையால் மூடிக்கொண்டாள். மோகனப்பிரியா அதைக் கவனிக்கவில்லை. காலையில் செய்த தப்பை மறுபடி செய்துவிடக் கூடாது என்பதிலேயே இருந்தாள்.

“சொல்லுங்க. நல்லா இருக்கீங்களா? மழை உண்டுங்களா?”

“லேசாத் தூறுது. அங்க?”

“இன்னும் இல்லீங்க.”

“செரி அம்மணி. வெச்சிரட்டுங்களா?”

மோகனப்பிரியா வாயை இறுக்கி மூடிக்கொண்டு காத்திருந்தாள். அந்தப் பக்கம் தூறல் தகரத்தில் விழும் சத்தம் மட்டும் கேட்டது. கேட்டுக்கொண்டே இருந்தது.

“அம்மணி, இருக்கறீங்களா?”

“இருக்கறேனுங்க.”

“அப்புறம்... ஒண்ணு. இது மோட்டார் சமாச்சாரம் இல்ல. உங்க அத்தைக்கு முட்டி வலி எப்புடி இருக்குது? நான்... ஒரு அக்கா ஊட்டுக்குத் தங்கச்சி, கூப்பிடாமத் தானா வந்து நின்னா, உள்ள வான்னு சொல்லுவாங்களா கண்ணு?”

சமையலறை வாசலில் டம்ளர்கள் ஒன்றோடு ஒன்று இடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. காப்பித் தட்டோடு தெய்வாத்தாள் நின்றிருந்தாள். எப்போதிலிருந்து நின்றாள் என்று தெரியவில்லை. பிரவீனாவின் உதடு “சித்தி” என்று சத்தமில்லாமல் அசைந்தது.

மோகனப்பிரியா போனைக் கையால் பொத்திக்கொண்டு மாமியாரைப் பார்த்தாள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவாளோ என்று நினைத்தாள்.

தெய்வாத்தாள் தட்டை மேஜைமேல் வைத்தாள். சிந்திய காப்பியை முந்தானையால் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தாள்.

“வெச்சிராதேன்னு சொல்லு,” என்றாள். “கையைக் கழுவிட்டு வாரேன்.”